வழுக்காத தரை

வாங்க சார், உள்ள வாங்க. செருப்பெல்லாம் கழட்ட வேண்டாம், இது என்ன கோயிலா. உக்காருங்க. அட்மிஷன் கவுன்டர்ல சாப்பாட்டுக்குப் போற நேரம், அதான் உங்கள இங்க அனுப்பி விட்டிருக்காங்க. நான் பொன்னுரங்கம். இந்தப் பொன்னிவளம் பல்கலைக்கழகத்தோட மக்கள் தொடர்பு அலுவலர். பி.ஆர்.ஓ.ன்னு சொன்னாத்தான் ஜனங்களுக்குப் புரியுது. பேப்பர்ல நம்ம யுனிவர்சிட்டியப் பத்தி எது வந்தாலும் இந்த மேசையிலேர்ந்து போனதுதான். ஒண்ணும் வரலைன்னாலும் இந்த மேசைதான் காரணம்.

வெளிய வேப்ப மரத்தடியில நிக்கறாரே, அவர்தான் உங்க பையனா? என்ன உயரம் சார்! தோளப் பாருங்க, தொடையப் பாருங்க. ட்ராக் பேன்ட் வேற. கபடிதானே? நீங்க சொல்லவே வேண்டாம். இங்க வர்றதுக்கு முன்னாடி நான் பத்திரிகையில விளையாட்டுச் செய்தி எழுதினவன். ஆளப் பாத்தா ஆட்டத்தச் சொல்லிடுவேன். இதுவரைக்கும் தப்பினதில்ல.

புள்ளைக்கு ஹாஸ்டல்ல ஏதாவது ஒண்ணுன்னா நிர்வாகம் பாத்துக்குமான்னு கேட்டீங்களாமே கவுன்டர்ல. நல்ல கேள்வி. விளையாட்டுப் பையன், ரத்தம் சூடு, கை நீளும். பெத்தவங்களுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். இருங்க, நான் முடிச்சிடறேன். பாத்துக்குவோம்னு வாயால எந்தக் காலேஜும் சொல்லும் சார். நாங்க பாத்துக்கிட்ட கதையவே சொல்றேன், நீங்களே முடிவு பண்ணுங்க. வெளிய மட்டும் சொல்லிக்காதீங்க.

போன வருஷம் இங்க மாயழகுன்னு ஒரு பையன் இருந்தான். சிவகங்கைப் பக்கம். கபடியில பாடிப் போனான்னா எதிர்ப் பக்கம் பாதிப் பேரத் தொட்டுட்டுத்தான் திரும்புவான். நம்ம சேர்மன் ஐயா அவன் ஊருக்கே நேர்ல போயி, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட்டு, சாப்பாடு, தங்கறது எல்லாம் இலவசம்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தார். கேட்டுல நுழையும்போது பெரிய ஃபிளெக்ஸ் பாத்திருப்பீங்களே, சேர்மன் ஐயா கும்பிட்டுக்கிட்டு நிப்பார். அதே எடத்துல அப்ப மாயழகு நின்னான். தொடையத் தட்டிக்கிட்டு.

அந்த வருஷம் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான கபடிப் போட்டி நம்ம வளாகத்துலயே நடக்கறதா முடிவாச்சு. புது உள்விளையாட்டரங்கம், சேர்மன் ஐயாவோட அப்பா பேர்ல. திறந்து வைக்க மேல் எடத்துலேர்ந்து ஆள் வர்றாங்க. எல்லாம் கூடி வர்ற நேரத்துல, ஒரு ஞாயித்துக்கிழமை மெஸ்ஸுல கோழிக் குழம்பு போட்டுட்டாங்க சார். அந்தக் கோழியாலதான் எல்லா வினையும்.

ஸ்போர்ட்ஸ் பசங்களுக்கு நம்ம மெஸ்ஸுல தனிக் கவுன்டர். முட்டை, பால், கறி எல்லாம் கூடுதல். அன்னிக்கு அந்தக் கவுன்டர்ல பரிமாற நின்னது இளம்பரிதின்னு ஒரு ரெண்டாம் வருஷப் பையன். ஜெயங்கொண்டம். மாணவர் மெஸ் கமிட்டியில இருந்தான். மாயழகு பிராக்டிஸ் முடிச்சுட்டு லேட்டா வந்து தட்ட நீட்டறான். தீந்துபோச்சுண்ணே, உங்க டீம் பசங்களே ரெண்டு தடவ வாங்கிட்டாங்கன்னு இவன் சொல்றான். பசி சார். பசியில இருக்கறவன்கிட்ட கணக்குச் சொல்லலாமா? ஒரு அறை. ஒண்ணே ஒண்ணுதான். ஆனா கபடிக் கை பாருங்க, பையன் சாம்பார் அண்டா பக்கத்துல போய் விழுந்தான். காதுலேர்ந்து ரத்தம்.

மெஸ்ஸுல இருந்த அத்தனை பேரும் பாத்துட்டாங்க. நல்ல வேளை, மெஸ்ஸுக்குள்ள செல்போன் கொண்டு போகக் கூடாதுன்னு நம்ம ஹாஸ்டல்ல விதி. ஒழுக்கத்துக்காகத்தான் வச்சோம். அது எப்படியெல்லாம் கை கொடுக்குது பாத்தீங்களா?

சேர்மன் ஐயா என்னக் கூப்பிட்டு, ரங்கம், இது உன் பொறுப்புன்னார். அவ்வளவுதான் சொன்னார். நான் உக்காந்து எழுதினேன். "விடுதிக் குளியலறையில் எதிர்பாராத விதமாக வழுக்கி விழுந்த மாணவர் ஒருவருக்கு லேசான காயம் ஏற்பட்டது. பல்கலைக்கழக நிர்வாகம் அவருக்கு உடனடியாக உயர்தர சிகிச்சை அளித்தது." ஏன் குளியலறைன்னு கேப்பீங்க. மெஸ்ஸுன்னு எழுதினா சாட்சி இருக்கு. குளியலறைக்குள்ள சார், ஒரு மனுஷன் தனியாத்தான் இருப்பான். அங்கதான் நம்ம அனுபவம் வேலை செய்யுது.

ஒரு ரிப்போர்ட்டர் மட்டும் ஆஸ்பத்திரிக்கே போய்ப் பாத்துட்டு வந்துட்டான். வழுக்கி விழுந்தவன் கன்னத்துல விரல் தடம் அஞ்சு இருக்கேன்னு கேட்டான். குளியலறையில குழாய் வரிசையா அஞ்சு இருக்குன்னேன். டீயக் குடிச்சுட்டுப் போயிட்டான். அவனும் புள்ளகுட்டிக்காரன்.

என்ன சார் சொல்ல வர்றீங்க? இருங்க, இருங்க. முக்கியமான எடமே இனிமேதான் வருது.

ஹாஸ்டல் பசங்க முணுமுணுக்க ஆரம்பிச்சாங்க. பாரபட்சம், பாரபட்சம்னு செவுத்துல கரியால எழுதி வச்சாங்க. சரி, நடவடிக்கை எடுத்துடுவோம்னு முடிவு பண்ணினோம். ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூடிச்சு. தலைவர் சேர்மன் ஐயா, உறுப்பினர் அவர் மச்சினர், அப்புறம் நான். "மெஸ் நேரம் கடந்து உணவருந்தச் சென்றதற்காக மாணவர் மாயழகு ஒரு மாத காலம் வகுப்புகளிலிருந்து இடைநீக்கம் செய்யப்படுகிறார். ஒழுக்கத்தில் எவருக்கும் சலுகை கிடையாது." நாலு பேப்பர்ல வந்துச்சு. ஒரு பேப்பர்ல தலையங்கம் மாதிரியே எழுதிப் பாராட்டினாங்க.

மறுநாள் அவன் டிபார்ட்மென்ட் எச்.ஓ.டி. ஓடி வர்றார். யார் சார் இந்த மாயழகு, எங்க பையன்னு போட்டிருக்கு, நாங்க யாரும் பாத்ததே இல்லையேங்கறார். வகுப்புக்கே வராதவன வகுப்பிலேர்ந்து எப்படி நீக்கறதுன்னு அவருக்குக் கவலை. படிச்ச மனுஷன், ஆனா வெவரம் பத்தல. அவன் பாட்டுக்குக் காலையிலயும் சாயங்காலமும் பிராக்டிஸ் பண்ணிக்கிட்டிருந்தான். தண்டனையும் ஆச்சு, டீமும் கெடல.

அந்த இளம்பரிதியையும் நாங்க விட்டுடல. அவனோட நலன் கருதி ஓய்வெடுக்க வீட்டுக்கு அனுப்பி வச்சோம். அட்டென்டன்ஸ் குறைஞ்சு பரிச்சை எழுத முடியாமப் போச்சு. அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும், அது பல்கலைக்கழக விதி. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் சார்.

இதுக்கு நடுவுல சேர்மன் ஐயாவுக்கு ஒரு யோசனை. வழுக்கி விழுந்தான்னு எழுதிட்டே, ஏன் வழுக்குச்சுன்னு பெத்தவங்க கேட்டா? அதுவும் நியாயம்தானே. உடனே நாலு ஹாஸ்டல்லயும் பாத்ரூம் தரை மொத்தத்தையும் பேத்துட்டோம். நல்லாயிருந்த தரை. வழுக்காத டைல்ஸ் எறக்கினோம். சேர்மன் ஐயா ரிப்பன் வெட்டினார். வாளியில தண்ணிய ஊத்தி, சோப்பும் கரைச்சு ஊத்தி, அவரே வேட்டியத் தூக்கிக் கட்டிக்கிட்டு வெறுங்காலோட நடந்து காட்டினார். எல்லாரும் கை தட்டினோம். மாணவர் பாதுகாப்புக்குன்னு ஒரு சங்கம் நமக்கு விருதே கொடுத்துச்சு. அந்தா, உங்க தலைக்கு மேல மாட்டியிருக்கு பாருங்க.

அப்பத்தான் அந்த இளம்பரிதியோட அப்பா வந்தார். கலியபெருமாள்னு பேரு. அரசு பஸ்ஸுல டிரைவர். டியூட்டி முடிஞ்சு காக்கிச் சட்டையோடயே வந்து, நீங்க உக்காந்திருக்கீங்களே, இதே நாற்காலியிலதான் உக்காந்தார். சத்தம் போடுவார்னு நான் வாட்ச்மேன வாசல்ல நிறுத்தி வச்சிருந்தேன். அவர் சத்தமே போடல. பையனுக்கு எடது காது போயிருச்சுங்க, ஏர்ஃபோர்ஸ் பரிச்சை பாஸ் பண்ணியிருந்தான், மெடிக்கலுக்குத்தான் காத்திருந்தான், அது இனிமே இல்லைன்னார். எனக்கும் கஷ்டமாத்தான் இருந்தது. நானும் மனுஷன்தானே. போலீஸுக்குப் போகப் போறீங்களான்னு மெதுவாக் கேட்டுப் பாத்தேன்.

"போலீஸெல்லாம் வேண்டாங்க. ஞாயித்துக்கிழமை பாத்ரூமுல விழுந்தான்னா குடிச்சிட்டுத்தான் விழுந்திருப்பான்னு ஊர்ல பேசுறாங்க. எங்க டிப்போவுலயே கேக்குறாங்க. நான் பீடி கூடத் தொட்டதில்ல. எம்புள்ள வழுக்கி விழல, அடிச்சிட்டாங்கன்னு ஒரு வார்த்த போடுங்க. காது போனது போகட்டும்."

ஒரு வார்த்தையாம். அந்த ஒரு வார்த்தையப் போட்டா நான் எழுதின மத்த வார்த்தையெல்லாம் என்ன ஆவறது? அத எப்படி அவருக்குப் புரிய வைக்கறது? டீ வரவழைச்சுக் கொடுத்தேன். நம்ம யுனிவர்சிட்டி பேர் போட்ட குடை ஒண்ணும் கொடுத்தேன், நல்ல குடை, வர்ற விருந்தாளிங்களுக்குன்னு வச்சிருக்கறது. ஆனா மனுஷன் டீயும் குடிக்கல, குடையையும் மேசை மேலயே வச்சுட்டுப் போயிட்டார். மறதி. டிரைவர் வேலை, தூக்கம் கெட்ட உடம்பு.

சரி, அந்தப் பக்கம் ஒருவழியா முடிஞ்சுதுன்னு பாத்தா, இந்தப் பக்கம் மாயழகு வந்து வாசல்ல நிக்கறான். தலையச் சொறிஞ்சுக்கிட்டு நின்னான், ஃபிளெக்ஸுல இருக்கற மாயழகு இல்ல. ஜெயங்கொண்டம் போயி அந்தப் பையன ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன் சார்ங்கறான். போயி என்ன பேசப் போறேன்னு கேட்டேன். அடிச்சது தப்புன்னு சொல்லப் போறானாம்.

"யாருப்பா அடிச்சா? யாரும் அடிக்கலையே. பேப்பர் படிக்கறதில்லையா நீ?"

அப்புறம் சொன்னான், "எங்க ஊர்ல ஆடும்போது எதிராளி கை நம்ம மேல பட்டுட்டா, நடுவர் பாக்கலைன்னாலும் நாமளே கையத் தூக்கிட்டு வெளிய போயிருவோம் சார். போகலைன்னா அடுத்த நாள் எவனும் சேத்துக்க மாட்டான்." சரிப்பா, அது ஆட்டத்துக்கு, இது நிர்வாகம்னு சொல்லி அனுப்பி வச்சேன். ரெண்டு மூணு தடவ வந்தான். ஒவ்வொரு தடவையும் நிதானமாத்தான் எடுத்துச் சொன்னேன். அவனுக்காகத்தானே சார் நான் இவ்வளவு எழுதினேன்? நன்றின்னு ஒண்ணு வேண்டாமா?

இறுதிப் போட்டி அன்னிக்கு அரங்கம் நிரம்பி வழியுது. மேல ஹாஸ்டல் பசங்க, கீழ சோபாவுல சேர்மன் ஐயா, சிறப்பு விருந்தினர், குடும்பம். யூடியூபுல நேரடி ஒளிபரப்பு, அதுவும் என் ஏற்பாடுதான். போட்டி முடிஞ்ச கையோட என்ன மக்கள் தொடர்பு இயக்குநரா அறிவிக்கறதா ஐயா சொல்லியிருந்தார். வீட்டம்மா கிட்ட சொல்லி, புதுச் சட்டை போட்டுக்கிட்டு வந்திருந்தேன். அதையும் சொல்லணும்ல.

நம்ம டீமுக்கு முதல் ரைடு. மாயழகு நடுக்கோட்டுக்கு வர்றான். குனிஞ்சு தரையத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டான். நடுவர் விசில் அடிச்சார். கோட்டத் தாண்டல சார் அவன். நின்னான். வலது கையத் தூக்கினான். தூக்கின கையோட அப்படியே நடந்து களத்த விட்டு வெளிய போறான்.

யாரும் தொடல. எதிர் டீம் பசங்க ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கறான். நடுவருக்கு ஒண்ணும் புரியல, பின்னாடியே போயி, உன்ன யாருப்பா தொட்டா, ஏம்ப்பா வெளிய போறேன்னு கேக்கறார். வர்ணனை பண்ணிக்கிட்டிருந்த பையன் இருக்கானே, அவன் நாசமாப் போக, ஆர்வக்கோளாறுல மைக்க நீட்டிட்டான்.

"நான்தான் இளம்பரிதிய மெஸ்ஸுல வச்சு அறைஞ்சேன். அவன் வழுக்கி விழல. அதான் அவுட்டு."

அவ்வளவுதான் சொன்னான். சொல்லிட்டு வெளிய போட்டிருந்த பெஞ்சுல போய் உக்காந்துட்டான். குனிஞ்ச தலை நிமிரல. நான் எவ்வளவு நாள் உக்காந்து எழுதினது சார்! எத்தனை அறிக்கை! ஒரு எடத்துல கூட யார் மேலயும் ஒரு சொல் படாம, பூ கட்டற மாதிரி கட்டி வச்சிருந்தேன். அத்தனையும் ஒரு நிமிஷத்துல பாழ். எனக்கு அழுகையே வந்துடுச்சு, பொய் சொல்லல.

அப்புறம் மேல ஹாஸ்டல் பசங்கள்ல ஒருத்தன் எந்திரிச்சுக் கையத் தூக்கினான். பக்கத்துல இன்னொருத்தன். அப்படியே வரிசை வரிசையா, மேல் கேலரி முழுக்கக் கை. மெஸ்ஸுல அன்னிக்கு இருந்த பசங்கதான் மொதல்லன்னு பின்னாடி சொன்னாங்க. பாத்தும் பேசாம இருந்தவங்க. ஒருத்தனும் கத்தல, கோஷம் போடல, சும்மா கையத் தூக்கிக்கிட்டு நின்னாங்க. சிறப்பு விருந்தினர் தனக்குத்தான் வரவேற்புன்னு நெனச்சு எந்திரிச்சுப் பதிலுக்குக் கையாட்டினார். நல்ல மனுஷன், பாவம்.

நான் உடைஞ்சு போயிடல. அங்கயே, படிக்கட்டுல உக்காந்து எழுதி அனுப்பினேன். "தசைப்பிடிப்பு காரணமாக நட்சத்திர வீரர் மாயழகு ஆட்டத்திலிருந்து விலகினார். அவர் விரைவில் குணமடைய வேண்டி மாணவர்கள் கைகளை உயர்த்தி உற்சாகப்படுத்தினர்." எப்படி? ஒரு பேப்பர் தவறாம அப்படியே போட்டாங்க. ஆனா யூடியூபுல அதுக்குள்ள போயிடுச்சே. ஒலிக் கோளாறுன்னு சொல்லி எடுக்கறதுக்குள்ள பாதி ஜில்லா பாத்துடுச்சு. அந்தக் கலியபெருமாள் டிப்போ டீக்கடையில செல்போன உசத்திப் பிடிச்சு ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, கேளுங்க, எம்புள்ள வழுக்கி விழலன்னு போட்டுக் காட்டினாராம். நம்ம ஆளு ஒருத்தர் பாத்துட்டு வந்து சொன்னார். போட்டுக் காட்டும்போது மனுஷன் கண்ணுல தண்ணியாம்.

போட்டி தோத்தோம். மாயழகு தன் விருப்பத்தின் பேரில் பல்கலைக்கழகத்தை விட்டு விலகினார். அதுவும் என் வாசகம்தான். சாமானெல்லாம் வாசல்ல எடுத்து வச்சப்புறம்தான் அவனுக்கே அந்த விருப்பம் தெரிஞ்சுது. இப்ப என்ன பண்றான் தெரியுமா? ஊர்ல வயக்காட்டு வேலை. காது ஆஸ்பத்திரிக்கு இளம்பரிதி திருச்சி போற அன்னிக்கெல்லாம் சிவகங்கையிலேர்ந்து கெளம்பி வந்து கூடவே போறானாம். அப்பா ஓட்டற பஸ்ஸுலயே போறாங்களாம், அவனுக்கு முன் சீட்டாம். அடிச்சவனுக்கு முன் சீட்டு! எனக்கு? ஐயா அன்னியிலேர்ந்து என் மூஞ்சியப் பாத்துப் பேசறதில்ல. இயக்குநர் பதவி அவர் மச்சினருக்குப் போயிடுச்சு. அவருக்கு எழுத்துப் பிழை இல்லாம நாலு வரி எழுத வராது.

போகட்டும். என் கதை எதுக்கு. நான் சொல்ல வந்தது என்னன்னா, அந்த மாயழகு மட்டும் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா அவன் மேல ஒரு துரும்பு விழுந்திருக்குமா? விட்டிருப்போமா? அவ்வளவு பத்திரமாப் பாத்துக்கிட்டோம். இந்த வருஷம் இன்னும் கவனமா இருக்கோம். கோச் போயி பசங்கள எடுக்கும்போதே, ஆட்டத்துல தானாக் கையத் தூக்கற பழக்கம் இருக்கான்னு பாத்துட்டுத்தான் எடுக்கறார். உங்க பையனுக்கு அந்தப் பழக்கம் இல்லையே?

என்ன சார்? கபடி இல்லையா? சரி, வாலிபால். ஃபுட்பால்? எதுவுமே இல்லையா? அந்த ட்ராக் பேன்ட்டு? ஓ, பஸ்ஸுல வர்றதுக்குச் சௌகரியமா. சரி சரி. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. சாதாரண அட்மிஷன். ஹாஸ்டல்ல தங்கறார்.

மெஸ் கமிட்டியில இருக்கணும்னு ஆசைப்படறாரா? எதுக்கு சார் அதெல்லாம்.

இல்ல, நீங்க ஏன் எந்திரிச்சுட்டீங்க? உக்காருங்க சார், டீ சொல்லியிருக்கேன். நான் சொன்னதுல எதையும் தப்பா எடுத்துக்காதீங்க. சாதாரணப் பசங்களுக்கும் நாங்க எவ்வளவோ செஞ்சிருக்கோம். தம்பியக் கூப்பிடுங்க, நானே கூட்டிட்டுப் போயி ஹாஸ்டல் பாத்ரூமக் காட்டறேன். தண்ணிய ஊத்தி, சோப்புப் போட்டு, ஓடிப் பாக்கச் சொல்லுங்க. எங்க ஹாஸ்டல்ல எந்தப் பையன் விழுந்தாலும் இனிமே தரையக் குறை சொல்ல முடியாது சார்.

சார், ஒரு நிமிஷம். இந்த வெயில்ல பையனக் கூட்டிக்கிட்டு அப்படியே போறீங்களே. உங்களுக்குன்னு எடுத்து வச்ச குடை. மேசை மேலயே மறந்துட்டுப் போறீங்க, சார்.